அபு ஹமதின் லீவர் துப்பாக்கியும் அப்பாவின் காப்பியும்

ஈசா டவுன், பஹ்ரைன்
8 நவம்பர் 2024

பெருமதிப்பிற்குரிய சம்யுக்தா அக்கா அவர்களின் மேலான கவனத்திற்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: நம் வீட்டு ஹாலில் நெடுங்காலம் அயராது ஒளிவீசிய டியூப் லைட், சென்ற திங்களன்று பதவி நீக்கம் செய்யப்பட்டது. குற்றச்சாட்டு, மங்கலாக எரிந்தது. அடுத்துப் பொறுப்பேற்றவரும் அதே குற்றத்துக்காக மறுநாளே வெளியேற்றப்பட்டார். இப்போது மூன்றாவதாக ஒருவர் பயந்து பயந்து எரிந்துகொண்டிருக்கிறார். கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்பது அப்பாவின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு இவன் ஏன் மெயிலில் வருகிறான் என்று யோசிப்பாய். என் போன் அப்பாவின் அலமாரிக்குள் சிறைவாசம். பள்ளிக்கூட லேப்டாப்பில் பாடமும் மெயிலும் மட்டும்தான் திறக்கும். பாடத்தைத் திறக்க மனமில்லாததால் உன்னைத் திறந்தேன்.

சிறைவாசத்துக்குக் காரணம் என் கலைச்சேவை. போன வாரம் அப்பா ஆபீஸ் ஸ்ரீகாந்த் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அம்மா வெளியே போயிருந்ததால் அப்பாவே காப்பி போட்டார். முந்தின நாளே உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் இடம் மாற்றி வைத்திருந்தேன். அங்கிள் ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர். ஆனாலும் "நம்ம ஊர் டிகாக்ஷனா சார்?" என்று கேட்டுவிட்டு முழுசாகக் குடித்தார் பார், அவர்தான் நல்ல மனிதர். அதற்கு முன்னால் அப்பாவின் கறுப்பு ஷூ ஒன்று, பிரவுன் ஷூ ஒன்று என்று ஜோடி சேர்த்துவைத்தேன். அவர் அப்படியே மாட்டிக்கொண்டு மீட்டிங்குக்கே போய்விட்டார். உன் தம்பி சாதாரண ஆள் இல்லை.

அதோடு நான் கார் ஓட்டவும் கற்றுக்கொள்கிறேன். ஸ்டியரிங் அப்பாவிடம், மூளை என்னிடம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "ரைட்ல வண்டி வருது, சிக்னல் ரெட், முன்னாடி பைக்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவேன். அப்பா "சரிடா, சரிடா" என்பார். பதினெட்டு ஆனதும் நேராக லைசென்ஸ்தான்.

நீ அல் ஐனுக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை, "அவ" என்கிறார். ஆனால் ஒரு நாளில் எத்தனை "அவ" வருகிறது தெரியுமா. பொங்கலுக்கு வாயேன். சும்மா வந்து அவரோடு ஒரு சண்டையாவது போடு. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

இப்படிக்கு,
கைதி விஷால்


அல் ஐன், யு.ஏ.இ.
15 நவம்பர் 2024

டேய் விஷால்,

படித்தவுடன் சிரித்தேன். பிறகு ஸ்ரீகாந்த் அங்கிளை நினைத்துப் பாவமாக இருந்தது. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை எழுதப்போகிறவன் செய்கிற வேலையா இது? அப்பா சர்க்கரை வியாதிக்காரர். அந்த அரை ஸ்பூன் சர்க்கரையைக்கூட டாக்டரிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். அதிலும் விளையாடுகிறாய்.

பொங்கலுக்கு வருவதாக இல்லை. ஏர்போர்ட் வாசலில் அவர் சொன்னதை நீயும்தான் கேட்டாய். "மெக்கானிக்கல் படிக்க வெச்சது துப்பாக்கிக்கு எண்ணெய் போடவா? அப்ப அங்கயே இருந்துக்கோ." நானும் திருப்பி ஒன்று சொன்னேன். அது உன் காதில் விழவில்லை. விழாததே நல்லது.

இங்கே வேலை இருக்கிறது. வேலை மட்டும்தான் இருக்கிறது. எங்கள் துப்பாக்கி சுடும் கிளப் ஒர்க்‌ஷாப்புக்கு அபு ஹமத் என்று ஒரு பெரியவர் வருகிறார். எழுபது தாண்டியவர். வருஷத்துக்கு ஒருமுறை மகன்களோடு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போவார். கொண்டுவந்திருப்பது அவருடைய அப்பா வாங்கிய லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே எகிறி அடுத்தது உள்ளே போகும். இரும்புக் குறியை வைத்து இனிமேல் சுட முடியவில்லையாம், ரெட் டாட் பொருத்தித் தரச் சொன்னார். சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே குண்டு போகும்.

கேட்க எளிது. இந்த மாடலில் காலித் தோட்டா நேராக மேலே எகிறும். வழக்கமான இடத்தில் கண்ணாடியை வைத்தால் தோட்டா அதிலேயே முட்டும். பெரியவரோ "ட்ரில் மாஃபி" என்று விரலை ஆட்டிவிட்டார். அப்பா கொடுத்த இரும்பில் ஒரு துளையும் விழக் கூடாதாம். கடைசியில் குழல் மேல் இருந்த பழைய பின் குறியைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த பள்ளத்திலேயே ஒரு சின்ன மேடையை இறுக்கி, அதன் மேல் புள்ளியை வைத்தேன். அழகாக உட்கார்ந்தது. நான் சுட்ட ஐந்தும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். அவர் சுட்டால் எல்லாம் இடது பக்கம் போகிறது. "டேடா, டேடா" என்கிறார். கோணலாகப் பொருத்திவிட்டேனாம்.

எங்கள் சூப்பர்வைசர் அம்மையப்பன் சார் நாகர்கோவில்காரர். "கஸ்டமர் கோணல்னு சொன்னா கோணல்தான் பிள்ளே, மறுபடி கழத்தி மாட்டு" என்கிறார். மறுபடி கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவிடம் நான் சாப்பிடுகிறேன் என்று சொல்.

சம்யுக்தா


ஈசா டவுன்
27 நவம்பர் 2024

துப்பாக்கி டாக்டர் அவர்களுக்கு,

அந்தச் சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது அக்கா. நம் வீட்டுத் துப்பு முழுவதும் உனக்குப் போய்விட்டது. எனக்கு மிச்சம் பாக்கி மட்டும். கெமிஸ்ட்ரியில் பாக்கி, மேத்ஸில் பாக்கி.

அம்மாவிடம் சொன்னேன். "அவ சாப்பிடறான்னா சாப்பிடலைன்னு அர்த்தம்" என்றாள்.

புதிய சாதனை. நம் பில்டிங் பார்க்கிங்கில் அப்பாவின் கார் தூணுக்கு ஒரு முத்தம் கொடுத்தது. பின்பக்க பம்பர் காலி. பின்னால் நின்று "வாங்க, வாங்க, வாங்க" என்று தப்பாகக் கை காட்டியது யார்? அடியேன். ஒரு விஞ்ஞான சோதனை. அம்மா "எதுல விளையாடறதுன்னே உனக்குத் தெரியலையாடா" என்று அழுதே விட்டாள். அப்பா திட்டவே இல்லை. இறங்கி வந்து பம்பரைப் பார்க்கவில்லை, தூணைத் தடவிப் பார்த்தார். அது எப்போது அங்கே வந்தது என்று கேட்கிற மாதிரி.

திட்டாமல் இருப்பதுதான் பெரிய தண்டனை. இப்போதெல்லாம் என்னோடு பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. என் காதைப் பார்த்துப் பேசுகிறார். மனிதர் அவ்வளவு வெறுத்துவிட்டார். காது சுத்தமாகத்தான் இருக்கிறது, கண்ணாடியில் பார்த்துவிட்டேன்.

பேப்பர்காரன் மேலும் ஒரு வழக்கு. மை போதாமல் அடிக்கிறார்களாம். இப்போது தினமும் சாயங்காலம் நான்தான் வாசித்துக் காட்டவேண்டும். நடுவில் நானே செய்தி சேர்ப்பேன். "ஈசா டவுன் மாணவன் விஷாலுக்கு அரசு விருது" என்று நேற்று வாசித்தேன். "எந்தப் பக்கத்துலடா?" என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.

உன் கோணல் துப்பாக்கி நிமிர்ந்ததா? என்னை விட்டிருந்தால் புள்ளியைப் பெரியவரின் மூக்கிலேயே ஒட்டியிருப்பேன்.

விருதாளர் விஷால்


அல் ஐன்
5 டிசம்பர் 2024

விஷால்,

உன் கடிதத்தைப் போன வாரமே பார்த்தேன். உடனே பதில் எழுத முடியவில்லை. காரணம் சொல்கிறேன், கடைசி வரை படி.

பெரியவரின் துப்பாக்கியை நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா. மேடையைக் கழற்றித் திரும்ப இறுக்கினேன். இந்த லீவர் துப்பாக்கிகளின் கட்டை தாழ்வாக இருக்கும், இரும்புக் குறிக்குக் கன்னத்தைக் கீழே வைக்கவேண்டும் என்பதற்காக. கண்ணாடி அதைவிட உயரத்தில் நிற்பதால் கன்னம் அந்தரத்தில் நிற்கிறது, அதனால்தான் தப்புகிறது என்று நினைத்தேன். கட்டையின் மேல் தோல் திண்டு வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். அப்போதும் இடது பக்கம். கடைசியில் வேறு வழி தெரியாமல், அவர் தப்புகிற அளவுக்குப் புள்ளியையே திருப்பி வைத்தேன். அவருக்குச் சரியாக விழுந்தது. கைதட்டினார். பிறகு அதே துப்பாக்கியை அம்மையப்பன் சார் எடுத்துச் சுட்டார். குண்டு பலகையிலேயே படவில்லை. நேராக இருந்த துப்பாக்கியை நான்தான் கோணலாக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் துப்பாக்கியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். சுடும்போது முகத்தைத் திருப்புகிறார். இலக்கை நேராகப் பார்ப்பதில்லை, அதற்குப் பக்கத்தில் பார்க்கிறார். ஏன் என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு ரகசியம் மாதிரி ஒர்க்‌ஷாப் ஹிந்தியில் சொன்னார். நேராகப் பார்த்தால் புள்ளி காணாமல் போய்விடுகிறதாம். நடுவில் ஒரு அழுக்கு. கழுத்தைத் திருப்பினால் ஓரத்தில் தெரிகிறதாம். இருபது வருஷமாகச் சர்க்கரை. மகன்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கூட்டிப்போகமாட்டார்கள்.

ரூமுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். காதைப் பார்த்துப் பேசுகிறார் என்று நீ எழுதியிருக்கிறாய்.

டியூப் லைட், பேப்பர் மை, தூண். விஷால், அவர் உன்னை வெறுக்கவில்லை. முகத்தைப் பார்ப்பதற்காகக் காதைப் பார்க்கிறார்.

இங்கே ஒரு கண் டாக்டரிடம் பேசினேன். சர்க்கரை கண்ணுக்குள் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும், லேசரோ ஊசியோ போட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான், தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம் என்றார். கார் ஓட்டவே கூடாது என்றார்.

ஒன்று கேட்கிறேன், விளையாடாமல் சொல். அந்த டப்பாக்களை நீ மாற்றினாயா?

அக்கா


ஈசா டவுன்
7 டிசம்பர் 2024

அல் ஐன் கண் ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவர் சம்யுக்தா அவர்களுக்கு,

துப்பாக்கிக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தால் ஆளுக்கும் பார்க்கலாம் என்று யார் சொன்னார்கள்? உப்பு நான். ஷூ நான். தூண் நான். என் உழைப்பையெல்லாம் சர்க்கரை வியாதிக்குத் தாரை வார்க்கிறாயே, இது நியாயமா. அப்பாவுக்குக் கழுகுக் கண். நேற்றுக்கூட நான் ரிப்போர்ட் கார்டை ஒளித்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

ஒரு பேச்சுக்கு நீ சொல்வதுதான் சரி என்றே வை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபீஸுக்குத் தெரியும். கணக்குப் பார்க்கிற ஆளுக்குக் கண் இல்லை என்றால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். விசா போனால் அம்மாவும் நானும் பெட்டியைக் கட்டவேண்டும். எனக்கு மார்ச்சில் பரீட்சை. உனக்கு என்ன, நீ உன் சொந்த விசாவில் இருக்கிறாய். கோபித்துக்கொண்டு போனவளுக்குத் தூரத்தில் இருந்து எல்லாம் நேராகத்தான் தெரியும்.

கடைசி வரியை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஆனால் நான் பயப்படுகிற ஆள் இல்லை. பிளஸ் டூ பி செக்‌ஷனில் கேட்டுப்பார், பிரின்ஸிபால் நாற்காலியிலேயே பப்பிள்கம் வைத்தவன். வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவை எதிரில் உட்காரவைத்து நேருக்கு நேர் கேட்டுவிடுகிறேன். "கண்ணு தெரியுதா, தெரியலையா. டாக்டர்கிட்ட வர்றீங்களா, இல்லையா." அவ்வளவுதான், கலாஸ். நீ அங்கிருந்து டிக்கெட் எல்லாம் போட்டு நாடகம் நடத்த வேண்டாம்.

விஷால்


அல் ஐன்
11 டிசம்பர் 2024

விஷால்,

"ஒரு பேச்சுக்கு" என்று நீ எழுதிய இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கடைசி வரியை நீ அழிக்காமல் விட்டதும் சரிதான்.

அபு ஹமத் விஷயம் முடிந்துவிட்டது. அம்மையப்பன் சாரிடம் சொன்னேன். குறி தெரியாதவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்ப முடியாது. சார் மூத்த மகனுக்குப் போன் பண்ணினார். இரண்டு மகன்களும் வந்து துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துப்போனார்கள். பெரியவர் கார் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்து, "நீ சரியாத்தான் பொருத்தியிருந்தே" என்றார். எனக்கு நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. இதை அம்மாவிடம் சொல்லாதே.

டிக்கெட் போட்டுவிட்டேன். பத்தொன்பதாம் தேதி மதியம் வருகிறேன். அப்பா கதவைத் திறக்காவிட்டால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். நாட்டுக்குத் திரும்பவேண்டி வந்தால், உன் பரீட்சை வரைக்கும் வாடகையையும் ஃபீஸையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யார் வீட்டிலாவது தங்கி எழுதலாம். எல்லாவற்றுக்கும் ஏதாவது செய்யலாம். அவர் கண்ணுக்கு மட்டும் காத்திருக்க முடியாது.

நான் வரும்வரை அவர் வண்டி எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பேசிவிட்டு என்ன சொன்னார் என்று எழுது. நான் உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

அக்கா


ஈசா டவுன்
14 டிசம்பர் 2024

அக்கா,

இந்த முறை அறிவிப்பு எதுவும் இல்லை.

டப்பாக்களை நான் மாற்றவில்லை. ஸ்ரீகாந்த் அங்கிள் போன பிறகு அப்பா அடுக்களையில் உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் உள்ளே போனதும், "நீதானே மாத்தி வெச்சே?" என்றார். அதில் கோபமே இல்லை. நான் ஆமாம் என்று சொல்லவேண்டும் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. "ஆமாப்பா" என்றேன். அவர் முகம் உடனே லேசாகிவிட்டது. அதற்கப்புறம்தான் திட்டினார், போனைப் பிடுங்கினார். திட்டும்போது சந்தோஷமாக இருந்தார் அக்கா. எனக்கும் அன்றைக்கு ஒரு மாதிரி பெருமையாக இருந்தது.

அதிலிருந்து எது நடந்தாலும் நான்தான். ஷூவை அவரே மாட்டிக்கொண்டு போனார். ஆபீஸில் யாரோ சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்து என் ரூம் வாசலில் நின்றார். கேட்பதற்கு முன்னாலேயே "ஸாரிப்பா" என்றேன். உனக்கு எழுதும்போது தேதியைக்கூட முன்னால் தள்ளி எழுதினேன், கதை நன்றாக வரட்டும் என்று. தூணில் இடித்த அன்று நான் பார்க்கிங்கிலேயே இல்லை, மாடியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்து, நான்தான் கை காட்டினேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதுகொண்டே திட்டினாள். ஆனால் அன்றைக்கு எனக்கு மட்டும் ஒரு தோசை அதிகமாக வைத்தாள். அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். வீட்டில் மூன்று பேரும் ஒன்றையே ஒளித்துவைத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் முட்டாமல் நடந்துகொண்டிருக்கிறோம்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்வதாக எழுதியதும் பொய். எனக்குக் கிளட்ச் எது என்றுகூடத் தெரியாது. அம்மாவைக் கோயிலுக்கோ டாக்டரிடமோ கூட்டிப்போகும்போது நானும் வருகிறேன் என்று முன் சீட்டில் ஏறிக்கொள்வேன். வண்டி, சிக்னல், ஆள் எல்லாம் சொல்லிக்கொண்டே வருவேன். ஒரு தடவை ரவுண்டானாவில் லாரி வந்ததைச் சொல்ல அரை நொடி தாமதமாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ புள்ளியைத் திருப்பி வைத்ததைப் படித்தபோது முதலில் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது.

கார் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. என் ஃபுட்பால் பூட்ஸுக்குள். தொலைந்துவிட்டது என்று வீடு முழுக்கத் தேடினார்கள், நானும் கூடச் சேர்ந்து தேடினேன். ஆபீஸுக்கு ஸ்ரீகாந்த் அங்கிள் வண்டியில் போகிறார். இது ஒன்று மட்டும் நிஜமாகவே நான் செய்தது.

பிரின்ஸிபால் நாற்காலியில் பப்பிள்கம் வைத்ததும் நான் இல்லை. அது வேறு செக்‌ஷன் பையன்.

இனி வெள்ளிக்கிழமை விஷயம். நேற்று அம்மா அக்கம்பக்கத்துக்காரர்களோடு வெளியே போயிருந்தாள். அப்பா ஹாலில், அந்த மூன்றாவது லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர். விரித்து வைத்திருந்தார், வாசிக்கவில்லை. ரூமில் கண்ணாடி முன்னால் நின்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். எதிரில் போய் நின்று "அப்பா" என்றேன்.

"என்னடா" என்று நிமிர்ந்தார். முகத்தை மெதுவாக ஒரு பக்கம் திருப்பி என்னைத் தேடினார். பிறகு இந்தப் பக்கம் திருப்பினார். நான் அங்கேயேதான் நின்றேன், அசையவே இல்லை.

"அப்பா, டீ வேணுமா?" என்றேன்.

"குடுடா" என்றார்.

எனக்கு டீ போடத் தெரியாது அக்கா. பத்தொன்பதாம் தேதி நீயே சொல்லிவிடு.

விஷால்